பர்கண்டி டையும் உங்கள் ஷேட் அட்டையும்: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
பட்டுப் பிரிவு விற்பனையாளர்,
காஞ்சிபுரம்.
(பெயர், முகவரி தனித்தாளில் இணைத்துள்ளேன்)

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
ஹேர் கலர் பிரிவு.

பொருள்: தவறான ஷேட் பரிந்துரை – பணத்தைத் திருப்பித் தரவும், ஷேட் வழிகாட்டியைத் திருத்தவும் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் கம்பெனியின் பர்கண்டி (ஊதா கலந்த அடர் சிவப்பு) கிரீம் டையை வாங்கி, டப்பாவில் போட்டிருந்த முறைப்படியே தலைக்குப் போட்டேன். காதோரத்திலும் முன்னுச்சியிலும் இருந்த நரை முழுக்க ரோஸ் கலராகிவிட்டது. மீதித் தலை பழையபடி கறுப்பு. வெயிலில் நின்று தலையைத் திருப்பினால் மட்டும் ஒரு சிவப்பு லேசாக ஓடுகிறது. இந்த பர்கண்டிதான் என் நிறத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று உங்கள் ஆப் சொன்னது, டப்பாவுக்குள் இருந்த அட்டை சொன்னது, போனில் பேசிய உங்கள் சேவைப் பெண்ணும் சொன்னார்.

டப்பாவின் விலையையும், பிறகு இதைச் சரிசெய்ய பார்லரில் கொடுத்த பணத்தையும் நீங்கள் தர வேண்டும். இதைச் சொல்ல நாலு வரி போதும். உங்கள் ஷேட் வழிகாட்டியே கோளாறாக இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் வழக்கமாகக் கேட்பதற்கெல்லாம் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். காதுக்குப் பின்னால் தடவி 24 மணி நேரம் பார்த்தேன். அரிப்போ தடிப்போ இல்லை. தலைக்கு மருதாணி போடும் பழக்கம் எனக்குக் கிடையாது. இதற்கு முன் டை அடித்ததும் இல்லை. நேரம் கடிகாரத்தைப் பார்த்து வைத்ததுதான். டப்பாவில் ஷேட் பெயர் மாறவில்லை, தேதி முடியவில்லை, பில் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இருபது வருஷத்துக்கு மேலாகப் பட்டுச்சேலை விற்கிறேன். எந்தக் கலர் எந்த முகத்துக்கு எடுக்கும், எது டல்லடிக்கும் என்று சொல்வதுதான் என் பிழைப்பு. அந்த அனுபவத்தில் உங்கள் அட்டையைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது.

அட்டையில் நாலு முகம். முதல் பெண் பால் வெள்ளை. அடுத்தவர் கோதுமை நிறம். மூன்றாவதை மாநிறம் என்று போட்டிருக்கிறீர்கள். அந்தப் பெண்ணை எங்கள் ஊரில் நல்ல சிவப்பு என்போம். கடைசிப் பெண்ணுக்கு 'டஸ்கி' என்று பெயர். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நின்றால் அவரைவிடக் கறுப்பாக எத்தனை பேரைப் பார்க்கலாம்! அவருக்கு அப்பால் மனுஷர்களே இல்லை என்பதுபோல அட்டை அங்கேயே முடிந்துவிடுகிறது. இதில் இன்னொன்று: முதல் முகத்துக்குக் கீழே தேன், கேரமல், செம்பு, ஆஷ் (சாம்பல் சாயல்), பொன் என்று வரிசையாக ஷேடுகள். நாலாவது முகத்துக்கு இரண்டே இரண்டு: கறுப்பு, பர்கண்டி. கூகுள் 2022-இல் வெளியிட்ட மங்க் தோல் நிற அளவுகோலில் 10 படிகள் உண்டு. நீங்கள் நாலோடு நிறுத்தி, அந்த நாலில் மூன்றை வெள்ளைப் பக்கமே வைத்துவிட்டீர்கள்.

போனில் பேசிய பெண் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "மேடம், நீங்க ஃபேரா, டஸ்கியா?" மாநிறத்துக்குக் கொஞ்சம் மேலே கறுப்பு என்றேன். "அப்போ பர்கண்டி எடுங்க மேடம், சூப்பரா இருக்கும்." தலையில் எத்தனை நரை, எந்த இடத்தில், முடி இயல்பில் என்ன கறுப்பு, இதையெல்லாம் அவர் கேட்கவே இல்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை. அவர் கையில் நீங்கள் கொடுத்த தாளில் இருந்ததைத்தானே கேட்டிருப்பார். 2020-இல் நாட்டின் பெரிய முகக் கிரீம் ஒன்று பெயரிலிருந்தே 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டு 'குளோ' என்று மாறிக்கொண்டது. உங்கள் கால் சென்டரில் இன்னும் அதுதான் முதல் கேள்வி.

ஒருவர் எவ்வளவு சிவப்பு, எவ்வளவு கறுப்பு என்பது ஒரு கணக்கு. தோலுக்கு அடியில் ஓடும் சாயல் மஞ்சளா, பொன்னா, நீலம் கலந்த சிவப்பா என்பது வேறு கணக்கு. இரட்டை ஷேட் பட்டில் பாவு ஒரு கலர், ஊடை ஒரு கலர். மயில்கழுத்தை மடித்துப் பார்த்தால் பச்சை அடிக்கும், விரித்தால் நீலம் அடிக்கும். தோலும் அப்படித்தான். ஒரே அளவு கறுப்பான இரண்டு பெண்களை என் முன்னால் உட்கார வையுங்கள். ஒருவருக்குக் கடுகு மஞ்சள் தோளில் போட்டதும் முகம் பளிச்சென்று தெளியும். இன்னொருவருக்கு அதே சேலை முகத்தை வாட்டிவிடும், ராணி பிங்க் போட்டால்தான் சிரிப்பார். முடிக்கும் இதே விதிதான். பொன் சாயல் உள்ள கறுப்புத் தோலுக்குச் சாக்லெட் பிரவுன், செஸ்ட்நட், செம்பு கலந்த பிரவுன் எல்லாம் சூடு கொடுக்கும். நீலச் சாயல் உள்ளவருக்கு ஒயின், பிளம், நீலக்கறுப்பு பொருந்தும். பொன் சாயல் முகத்துக்குப் பக்கத்தில் ஆஷ் பிரவுனைக் கொண்டுபோனால் முகத்தில் சாம்பல் பூத்தமாதிரி ஆகிவிடும். என் சாயல் பொன். உங்கள் பர்கண்டியோ ஊதாப் பக்கம் சாய்ந்த சிவப்பு. எனக்கு அதைக் காட்டிய அட்டை, என்னைப் போலவே கறுப்பாக இருந்து சாயல் மட்டும் மாறுகிற என் சகோதரிக்கும் அதையேதான் காட்டும்.

சாயலைக் கண்டுபிடிக்க நீங்கள் சொல்லும் வழி இன்னும் வேடிக்கை. மணிக்கட்டு நரம்பைப் பார்க்க வேண்டுமாம். பச்சை என்றால் வார்ம், அதாவது மஞ்சள், பொன் சாயல்; நீலம் என்றால் கூல், அதாவது நீலச் சாயல். கறுப்புத் தோலில் நரம்பின் நிறம் தெளிவாகத் தெரிவதே அபூர்வம். தெரிந்தாலும் டியூப் லைட்டில் ஒன்று, வாசலில் ஒன்று. நாங்கள் கடையில் எந்தச் சேலையையும் விளக்கு வெளிச்சத்தில் முடிவு செய்ய விடமாட்டோம். "வாசலுக்கு வந்து பாருங்கம்மா" என்போம். அந்த ஒரு வரியையாவது அட்டையில் போட்டிருக்கலாம்: பகல் வெளிச்சத்தில், மேக்கப் இல்லாமல், தாடைக்குக் கீழே ஒரு பொன் துணியையும் ஒரு வெள்ளித் துணியையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பாருங்கள் என்று. அதற்குக் காசு ஆகாது.

ஆப் என்னை 'ஸ்கின் டைப் 5' என்றது. என் தங்கை மகள் மருத்துவம் படிக்கிறாள், அவளிடம் காட்டினேன். அது ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1975-இல் ஆரம்பித்த வரிசை, வெயில் பட்டால் தோல் கருகுமா, கறுக்குமா என்று பார்ப்பதற்கு என்றாள். கறுப்புத் தோலுக்கான 5, 6 வகைகளே பிற்பாடு சேர்த்தவையாம். புற ஊதா சிகிச்சைக்கு அளவு வைக்க உண்டானதை டை விற்க எடுத்து வைத்திருக்கிறீர்கள்.

ஆனாலும் எனக்கு நேர்ந்த கூத்துக்குச் சாயல் மட்டும் காரணம் இல்லை. பெரிய காரணம் முடி. இதை எனக்கு விளக்கியது பார்லர் அக்கா. நம் ஊர் முடி கலர் எண்ணில் 1, 2-இல் நிற்கிறது; 1 என்றால் கறுப்பு, 10 என்றால் மிக வெளிர் பொன். புள்ளிக்குப் பின்னால் வரும் எண் சாயல். பல கம்பெனிகளில் .1 ஆஷ், .3 பொன், .4 செம்பு. 6 சதவீத பெராக்சைடு டெவலப்பரோடு (டையில் கலக்கும், முடியை வெளுக்க வைக்கும் திரவம்) வரும் டை, கறுப்பு முடியை ஓரிரு படி தூக்கினாலே அதிகம். அதனால்தான் என் கறுப்பு முடியில் உங்கள் பர்கண்டி தென்படவே இல்லை. நரையில் கதை தலைகீழ். அதில் முடிக்குக் கறுப்பு தரும் மெலனின் என்ற நிறமி கிடையாது. டையில் இருக்கும் சிவப்பும் ஊதாவும் வேறு எதுவும் கலக்காமல் அப்படியே வெள்ளைமேல் உட்காருகிறது. பார்லரில் நரை அதிகமுள்ள தலைக்கு பர்கண்டி மாதிரியான ஃபேஷன் ஷேடைத் தனியாகப் போடமாட்டார்களாம், 4.0 போன்ற வெறும் பிரவுனைக் கலந்துதான் போடுவார்களாம். தொழில் தெரிந்த எல்லாருக்கும் தெரிந்த இந்த விஷயம் உங்கள் வேதியியல் ஆட்களுக்குத் தெரியாமல் இருக்குமா? டப்பாவின் முன்பக்கம் '100% நரை மறைப்பு' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. மறைத்தது உண்மைதான், வெள்ளை தெரியவில்லை. கடைக்கு வந்த சின்னப் பையன் ஒருவன் என் காதோரத்தைக் காட்டி, "அம்மா, இந்த ஆன்ட்டி மேல யாரோ கலர்ப் பொடி போட்டுட்டாங்க" என்றான்.

டப்பா மேல் சிரிக்கும் பெண்ணுக்கு ஒரு நரைகூட இல்லை. அவர் முடி பர்கண்டி ஆவதற்கு முன் எந்த எண்ணில் இருந்தது என்றும் போடவில்லை. ஆப்பிலும் இதே ஏமாற்று: செல்ஃபியில் முகத்தைத் தானாக வெளுக்க வைத்து, நரை, கறுப்பு என்று பார்க்காமல் தலை முழுக்க ஒரே பூச்சாகப் பூசிக் காட்டுகிறது. சேலையை மாடல் பொம்மைமேல் போட்டுக் காட்டி விற்றால் வாடிக்கையாளர் திரும்பி வந்து சட்டையைப் பிடிப்பார். நாங்கள் அவர் தோளிலேயே போட்டுக் காட்டுகிறோம்.

எங்களைப் போன்ற பெண்களுக்கு நீங்கள் காட்டும் அடுத்த வழியான 'நேச்சுரல் பிளாக்' பற்றியும் ஒரு வார்த்தை. ஐம்பதைத் தாண்டி, பாதிக்குமேல் நரைத்த தலையில் கரிக்கறுப்பு போட்டால் முகக் கோடெல்லாம் எழுந்து நிற்கும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு செ.மீ. வளர்வதால், இரண்டே வாரத்தில் வகிட்டில் வெள்ளைக் கோடு சுண்ணாம்பு இழுத்தமாதிரி தெரிந்துவிடும். 3-ஆம் எண் அடர் பிரவுன் அதே முகத்தை மென்மையாக்கும், வளர்ந்து வரும் வெள்ளையும் அவ்வளவு துருத்தாது. கறுப்பான பெண்களுக்குப் பிரவுன் ஆகாது என்பது நீங்களே கட்டிவிட்ட கதை. கறுப்பாக இருப்பவர்கள் அடர் கலர் கட்டக்கூடாது என்று ஒரு காலத்தில் கடைகளில் சொன்னார்கள். அரக்குச் சேலையில் நல்ல கறுப்பான ஒரு பெண் நடந்து வருவதைப் பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள்.

போட்ட டையைப் புது டை போட்டு வெளுக்க வைக்க முடியாது என்றார் பார்லர் அக்கா. அதனால் சாயல் இல்லாத அடர் பிரவுனை நரைமேல் மட்டும் பூசி ரோஸை அடக்கினார். இப்போது வெளியே போக முடிகிறது. டப்பா 210 ரூபாய், பார்லர் 1,400 ரூபாய். இரண்டு பில்லின் நகலும் இருக்கிறது.

உங்கள் துண்டறிக்கையில் 'கண் இமைக்கும் புருவத்துக்கும் போடக்கூடாது, பார்வை போகலாம்' என்ற எச்சரிக்கை தமிழில் இருக்கிறது. சட்டம் கேட்பதால் இருக்கிறது. ஷேட் எண், எந்த முடியில் என்ன வரும் என்ற பட்டியல் மட்டும் ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தும் புரியவில்லை. நரை மறைக்க டை வாங்குகிறவர்களில் பலர் வாசிப்புக் கண்ணாடி வயதுக்காரர்கள் என்பது உங்களுக்குத் தெரியாதா?

ஆகவே நான் கேட்பது: மேலே சொன்ன 1,610 ரூபாய் வர வேண்டும். அடுத்த அச்சில் ஒவ்வொரு டப்பாவின் பின்பக்கமும் அந்த ஷேட் முழுக் கறுப்பு முடியில், பாதி நரையில், முழு நரையில் எப்படி வரும் என்று மூன்று முடிக்கற்றைகளின் உண்மையான படம் வேண்டும். அட்டையில் எங்களைப் போன்ற முகங்கள் வேண்டும், ஒவ்வொரு முகத்துக்கும் சாயல் வாரியாகப் பிரவுன்களும் வேண்டும். சேவைப் பிரிவின் கேள்வித்தாளில் முதல் கேள்வி நரையைப் பற்றி இருக்கட்டும். சிவப்பா கறுப்பா என்ற கேள்வியை எடுத்துவிடுங்கள்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன். நரை மறைப்பு வாசகத்தை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி தவறான விளம்பரம் என்று சொல்லி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் எடுத்துப்போவேன். படங்கள் தேதியோடு இருக்கின்றன.

இன்னொன்று. போனில் உங்கள் பெண் சமாதானமாக இன்னொரு பர்கண்டி டப்பா இலவசமாக அனுப்புவதாகச் சொன்னார். தயவுசெய்து அனுப்ப வேண்டாம். வந்தால் திருப்பி அனுப்பும் கூரியர் செலவையும் இந்தக் கணக்கில் சேர்ப்பேன்.

இப்படிக்கு,
பட்டுப் பிரிவு விற்பனையாளர்,
காஞ்சிபுரம்.

இணைப்பு: டப்பா பில், பார்லர் பில் நகல்கள்; பகல் வெளிச்சத்தில் எடுத்த காதோரப் படங்கள்; ஆப் பரிந்துரையின் ஸ்கிரீன்ஷாட்; நாலு முக அட்டை (அசல்).