ஃபோங்கைப் பற்றி நண்பனுக்கு

ஈசூன்,
சிங்கப்பூர்.

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் மகள் இங்கே கணினி வரைகலையில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேரப்போகிறாள் என்று படித்ததும் எங்கள் வீட்டில் அனைவருக்கும் மிகுந்த மகிழ்ச்சி. விடுதியில் இடம் கிடைக்கும்வரை அவள் எங்களோடு தங்கட்டும். மகன் மணமாகிப் போனபின் அவனுடைய அறை சும்மாதான் இருக்கிறது.

வருமுன் யாரைப் படிக்கலாம் என்று அவள் கேட்டிருக்கிறாள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இந்தப் பாடத்தை ஓய்வுபெறும்வரை நடத்திய எனக்கு முதலில் நினைவுக்கு வரும் பெயர் புய் துவோங் ஃபோங்; கணினியில் வரையும் பொருளின்மேல் ஒளி விழுவதையும் பளபளப்பதையும் காட்ட எளிய வழி சொன்னவர். வியட்நாமின் ஹனோயில் பிறந்து, 1954-இல் குடும்பத்தோடு சைகோனுக்குப் பெயர்ந்து, பிறகு பிரான்சில் படித்து, 1971-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்துக்குப் போனவர். இவான் சதர்லாந்தும் டேவிட் எவான்சும் வளர்த்த அந்தத் துறையில்தான் அன்று கணினி வரைகலையின் அடித்தளமே போடப்பட்டுக்கொண்டிருந்தது. சதர்லாந்தின் மனைவியுடைய ஃபோக்ஸ்வேகன் காரின் மேல் மாணவர்கள் கோடு போட்டு, அளவுகோல் பிடித்து, புள்ளி புள்ளியாக அளந்து, அதன் வடிவத்தைக் கணினிக்குள் கொண்டுவந்த காலம் அது.

அங்கே ஃபோங்குக்கு முன்பே ஆன்றி கூரோ என்ற மாணவர் ஒரு வழி கண்டிருந்தார். பொருளின் பரப்பைச் சிறு பலகோணங்களாகப் பிரித்து, மூலைகளில் மட்டும் ஒளியின் அளவைக் கணக்கிட்டு, அதை நடுவே பரப்பிவிடும் முறை. ஆனால் பலகோணத்தின் நடுவில் விழவேண்டிய பளபளப்பு அதில் காணாமல் போய்விடும். ஃபோங் ஒளியைப் பரப்பாமல், பொருளின் மேற்பரப்பு எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்ற திசையைப் பரப்பினார். ஒவ்வொரு புள்ளியிலும் ஒளியைப் புதிதாகக் கணக்கிட்டார். பளபளப்புக்கும் எளிய வழியொன்று சொன்னார்: ஒளி தெறித்துப் போகும் திசைக்கும் பார்ப்பவரின் திசைக்கும் இடையிலுள்ள கோணத்தின் கோசைனை எடுத்து அடுக்கேற்றினால் போதும். அடுக்கு சிறியதானால் மங்கலாகப் பரந்த வெளிச்சம், பெரியதானால் உலோகத்தின் கூர்மையான ஒளிப்பொட்டு.

இதை நடத்தும் நாளில் சிராங்கூன் சாலையில் வாங்கிய பித்தளைச் சொம்பு ஒன்றை வகுப்புக்கு எடுத்துப்போவேன். சன்னலருகே வைத்துவிட்டுத் தலையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பாருங்கள் என்பேன். சொம்பு அசையாது, சன்னல் வெளிச்சமும் அசையாது, ஆனால் கழுத்தடியில் இருக்கும் வெள்ளைப் பொட்டு பார்ப்பவரோடு சேர்ந்து நகரும். அதன் பிறகு சூத்திரத்தை விளக்க எனக்கு அதிக நேரம் தேவைப்பட்டதே இல்லை.

ஒளியின் இயற்பியலை முழுமையாகப் பின்பற்றும் முறைகள் வந்துவிட்ட பிறகு ஃபோங் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். ஒளி பரப்புக்குப் பரப்பு தெறித்துப் பரவுவதை விவரித்து 1986-இல் ஜேம்ஸ் கஜியா எழுதிய சமன்பாட்டோடு ஒப்பிட்டால் இது தோராயம்தான். ஃபோங்கும் வேறு விதமாக உரிமை கொண்டாடவில்லை. உள்ளதை உள்ளபடியே காட்ட முடியாது, உண்மைக்குப் போதுமான அளவு நெருங்குவதே நோக்கம் என்று தம் ஆய்விலேயே தெளிவாக எழுதினார். எதை விட்டுவிடலாம், கண் எதை விடாது தேடும் என்று அறிந்தவருடைய எழுத்து அது. இளம் ஆய்வாளர் அவரிடம் கற்கவேண்டியது அந்தத் தெளிவையே என்பது என் உறுதியான எண்ணம்.

மாணவராக இருந்தபோதே தமக்கு இரத்தப் புற்றுநோய் என்பதும் பிழைப்பது அரிது என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தே 1973-இல் ஆய்வேட்டை முடித்தார், ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியராகவும் சேர்ந்தார். 1975 ஏப்ரல் 30 அன்று, வியட்நாம் போரின் முடிவில், சைகோன் வீழ்ந்தது. ஜூனில் அவருடைய புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது. ஜூலையில் அவர் காலமானார். முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தவர். இந்தத் தேதிகளை அடுத்தடுத்து எழுதும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது. இரண்டே ஆண்டுகளில், 1977-இல், ஜிம் பிளின் என்ற இன்னொரு வரைகலை ஆய்வாளர் அந்தச் சூத்திரத்தை இன்னும் சிக்கனமாக்கினார். அந்த வடிவில் அது எத்தனையோ கணினி விளையாட்டுகளில் ஓடியது. அதை ஃபோங் பார்க்கவில்லை.

ஆகவே மகளிடம் சொல், அந்த 1975-ஆம் ஆண்டுக் கட்டுரையை முதலில் படிக்கட்டும்; ஏழே பக்கம்தான். படித்ததோடு விடாமல், ஆயத்த மென்பொருள் எதையும் தொடாமல், ஒரு கோளத்துக்கு அந்தச் சூத்திரத்தைத் தானே நிரலாக எழுதி, அடுக்கை 5-இலிருந்து 50-க்கு மாற்றிப் பார்க்கட்டும். எங்கேனும் சிக்கினால் எனக்கு எழுதச் சொல். விமானம் வரும் நாளையும் நேரத்தையும் தெரிவித்தால் சாங்கி விமான நிலையத்துக்கு நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்