ஸ்வால்பார்டிலிருந்து உவரிக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். அம்மா முட்டுவலிக்கு எண்ணெய் போடுதாங்களா? வட துருவத்துப் பக்கம்லா, இங்க ஆகஸ்ட் வரைக்கும் ராத்திரியே கிடையாது. நடுச்சாமத்துலயும் வெயில் அடிக்கு. ஜன்னல்ல கறுப்புத் துணி கட்டித்தான் தூங்குதோம்.

"வானத்துல இருந்தே எல்லாத்தையும் படம் பிடிக்கானே, கடலாழம் அளக்க ஒனக்கு எதுக்கு அங்க படகு?"ன்னு கேட்டீங்கல்லா. சிக்னல் பாதியில போயிட்டு, அதான் எழுதுதேன். செயற்கைக்கோளோட ரேடியோ அலை தண்ணிக்குள்ள இறங்காது. பனியாறு உருகி வர்ற இடமெல்லாம் அரிசி கழுவின தண்ணி மாதிரி கலங்கிக் கிடக்கு, மேல இருந்து பார்த்தா அடி தெரியாது. ஒலி ஒண்ணுதான் கீழ போயி திரும்பி வரும்.

நீங்க ஈயக்குண்டைக் கயித்துல விட்டு ஆழம் பார்த்து "எட்டு பாகம்"னு சொல்லுவீங்களே, இங்க உள்ள பழைய சார்ட்டுல, அதான் கடல் வரைபடத்துல, பலதும் அப்படி அளந்ததுதான். ஏதோ ஒரு கப்பல் போன வழியில வரிசையா நாலு எண் இருக்கும், ரெண்டு பக்கமும் வெறும் வெள்ளை. நடுவுல தண்ணிக்கடியில ஒரு பார், பாறைத்திட்டு, நின்னா யாருக்குத் தெரியும்? ஒலியை விசிறி மாதிரி விரிச்சு விடுற எங்க மல்டிபீம் கருவி ஆழத்தைப் போல மூணு நாலு மடங்கு அகலத்தை ஒரே வீச்சுல அளந்துரும். ஆனா ஆழம் குறையக் குறைய அந்த அகலமும் சுருங்கும். கப்பல் தட்டுற இடத்துலதான் எங்களுக்கு வேலை ஜாஸ்தி.

ஒலியையும் அப்படியே நம்பிர முடியாது. நம்ம ஊர்க் கடல்ல அது நொடிக்கு 1,540 மீட்டர் போகும். இந்தக் குளிர்ல 1,450தான். நம்ம ஊர்க் கணக்கை இங்க போட்டா 100 மீட்டர் ஆழத்தை 106னு காட்டும். பனியாத்து முகத்துல நல்ல தண்ணி மேலயும் உப்புத் தண்ணி கீழயுமா நிக்கும், ஒலி வளைஞ்சு போகும். அதனால ஒரு கருவியைக் கயித்துல கட்டி அடிக்கடி இறக்கி, ஒவ்வொரு ஆழத்துலயும் ஒலியோட வேகத்தைப் பார்க்கணும். கயிறு நனைஞ்சு வரும்போது கையுறைக்குள்ளயும் விரல் மரத்துப் போகும்.

போன வாரம் திரையைப் பார்த்தா எங்க படகு பனிக்கட்டி மேல நிக்கு! சார்ட்டு வரைஞ்ச காலத்துல அங்க பனியாறு இருந்திருக்கு. இப்ப பின்வாங்கி கடலாயிட்டு. மனுசன் அளக்காத தண்ணி அது. சுற்றுலாக் கப்பல்காரனுக்கோ அங்கதான் போகணும். பனிச்சுவர் இடிஞ்சு விழும்ங்கிறதால சுவர் பக்கத்துக்கு ஆளில்லாத சின்னப் படகை விடுதோம். கரையில இறங்கினா பனிக்கரடிக்காக ஒருத்தர் துப்பாக்கியோட காவல் நிக்கணும். அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டும்போது இந்த வரியை விட்டுருங்க.

அளந்தா மட்டும் போதாதுப்பா. 2010 ஆகஸ்ட்ல கனடாவோட வடக்குல, கொரோனேஷன் வளைகுடாவுல, 'கிளிப்பர் அட்வென்சரர்'னு ஒரு பயணிகள் கப்பல் பாறையில ஏறிட்டு. அந்தப் பாறையை 2007லயே கண்டுபிடிச்சு அறிவிப்பும் குடுத்திருந்தாங்க. கப்பல்ல இருந்த சார்ட்டுல அது ஏறல. நல்லவேளை, யாருக்கும் உயிர்ச்சேதம் இல்ல. எனக்கு அதை நினைச்சா ஆத்திரமா வரும். எவனோ குளிர்ல நின்னு அளந்த வேலைல்லா அது. நீங்க கோயில் கோபுரத்தையும் மலையையும் ஒரே நேர்ல வச்சுக் காட்டுற பாரெல்லாம் உங்க தலைக்குள்ளதான் இருக்கு. தம்பியைப் பக்கத்துல வச்சு ஒரு நோட்டுல எழுதச் சொல்லுங்க.

ஒலியை விட்டு ஆழம் பார்க்க அவன் கேட்ட எக்கோ சவுண்டருக்குப் பணம் போட்டிருக்கேன். படகு அடியில மாட்டுற டிரான்ஸ்டியூசரை, அதான் ஒலியை விட்டு வாங்குற உறுப்பை, இஞ்சின் காத்தாடிப் பக்கம் வைக்க வேண்டாம்னு சொல்லுங்க, நுரை பட்டா ஆழம் தப்பா காட்டும். மாட்டினதும் உங்களுக்குத் தெரிஞ்ச பார் மேல ஓட்டிச் சரிபார்க்கட்டும்.

அன்புடன்,
உங்க மகள்