தாமானுக்கும் தாமானுக்கும் நடுவுல வழி விடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கோலாலம்பூர் சுத்துவட்டாரத்துல ஜாம்னு பேச்சு வந்தாலே ஹைவே பத்தல, இன்னொரு லேன் போடணும்னுதான் எல்லாரும் சொல்றாங்க, வீட்டு வாசல்ல இருந்து மெயின் ரோட்டுக்கு வர்ற சின்ன ரோடுங்களப் பத்தி யாரும் வாயே திறக்கறதில்ல. என்னைக் கேட்டா கோளாறு ஆரம்பிக்கிறதே அங்கதான்.

பூச்சோங், காஜாங், கிள்ளான் பக்கமெல்லாம் தாமானுங்க, அதாவது குடியிருப்புப் பேட்டைங்க, எப்படி வந்துச்சுன்னு பெரியவங்களுக்குத் தெரியும், தோட்டத்தத் துண்டு துண்டா வித்தாங்க, வாங்குன டெவலப்பர் தன் துண்டுக்குள்ள மட்டும் ரோடு போட்டு, வெளிய போக ஒரே வாசல் வச்சு, சுத்தி சுவரையும் கட்டிட்டாரு, அடுத்த துண்டு வாங்குனவரும் அதேதான் செஞ்சாரு. எங்க தாமான் கடைசி லோரோங்ல (சந்துல) நின்னா பக்கத்து தாமான் கோயில் மணி தெளிவா கேக்குது, நடுவுல ஒரு லொங்காங்கும் (சாக்கடையும்) ஒரு சுவரும்தான், ஆனா கோயிலுக்குப் போகணும்னா கார்ட் ஹவுஸ் தாண்டி மெயின் ரோட்டுல ஏறி யூ டர்ன் அடிச்சு அந்தப் பக்கத்து கேட்ல பேர் எழுதிட்டு உள்ள போகணும். காடி ஓட்டத் தெரியாத பாட்டிமாருங்க என்ன பண்ணுவாங்க? முட்டுச்சந்தா இருக்கிறதால பஸ்ஸும் உள்ள வராது.

பினாங்கு லிட்டில் இந்தியாவப் பாருங்க. பினாங்கு ஸ்திரீட், கிங் ஸ்திரீட், குயின் ஸ்திரீட் மூணும் பக்கத்து பக்கத்துல ஓடுது, மார்க்கெட் ஸ்திரீட்டும் சூலியா ஸ்திரீட்டும் குறுக்க வெட்டுது. தைப்பூசத்துக்கு ரதம் ஒரு ரோட்ட அடைச்சாலும் ஜனங்க அடுத்த ரோட்டுல புகுந்து போயிடுவாங்க. 1786ல ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் வந்த காலத்துல போட ஆரம்பிச்ச ரோடுங்க, இன்னிக்கும் நடக்கிறவங்களுக்கு உதவுது. அதே மாதிரிதான், இன்னிக்கு நாம தப்பா போடுற ரோடும் நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் அப்படியேதான் கிடக்கும்.

இது நம்ம ஊர் பிரச்சனை மட்டும் இல்ல. 2020ல வந்த ஒரு ஆய்வுல உலக வரைபடத்துல இருக்கிற ரோடு, சந்திப்பு எல்லாத்தையும் கணக்கெடுத்து, மக்கள்தொகை அதிகமா உள்ள 134 நாட்டுல 90 விழுக்காட்டுல, 1975க்கு அப்புறம் புதுசா வந்த குடியிருப்பு ரோடுங்க ஒண்ணோட ஒண்ணு சேர்றது குறைஞ்சுகிட்டே வருதுன்னு சொல்லியிருக்காங்க. ஆரம்பத்துல ரோடு துண்டா போட்ட ஊருங்க பின்னாலயும் அப்படியேதான் வளருதாம், ரொம்ப கவலையா இருக்கு.

சுவருல வழி விட்டா திருட்டு பயம் இருக்கு, அத நான் மறுக்கல, எங்க ஏரியாவுலயும் நடந்திருக்கு. ஆனா மோட்டார் சைக்கிள் நுழைய முடியாம ஆள் மட்டும் போற மாதிரி ஒரு சின்ன கேட், மேல ஒரு விளக்கு போட்டா போதாதா? நகராண்மைக் கழகங்க புது தாமானுக்கு அனுமதி குடுக்கறதுக்கு முன்னாடியே பக்கத்து தாமானோட ரோடு எங்க சேருதுன்னு பிளான்ல காட்டச் சொல்லணும், காட்டலன்னா அனுமதி குடுக்கக் கூடாது. வீடு கட்டி சாவி குடுத்ததுக்கு அப்புறம் யார் வீட்ட இடிச்சு ரோடு போட முடியும்?

இப்படிக்கு,
பூச்சோங் வாசகர்