திருகைக் குறை சொல்லும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துப்பாக்கி சுடும் விளையாட்டைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, குண்டு தாழ்வாக விழுந்தால் ஸ்கோப்பின் (துப்பாக்கியின் மேல் பொருத்தும் குறிபார்க்கும் தொலைநோக்கியின்) உயரத் திருகைத் திருப்பினால் போதும் என்று முடித்துக்கொண்டது. ஆனால், திருகு கடைசிவரை சுழன்ற பிறகும் குண்டு தாழ்ந்தே விழும் நிலைதான் புதியவர்களைத் திணறடிக்கிறது.

எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கான கோண அளவு. கால் எம்.ஓ.ஏ. ஸ்கோப்பில் ஒரு கிளிக் (திருகு நகரும் ஒரு படி) என்பது 100 மீட்டரில் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர், 50 மீட்டரில் அதில் பாதி. ஆகவே, 50 மீட்டரில் 7 சென்டிமீட்டர் தாழ்வைச் சரிசெய்ய ஏறக்குறைய 20 கிளிக் போதும். அத்தனை திருப்பியும் குண்டு விழும் இடம் மாறவில்லையென்றால், துப்பாக்கியில் குண்டு இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களும் அடித்தளமும் தளர்ந்துள்ளனவா என்று முதலில் பார்க்க வேண்டும். எல்லாம் இறுக்கமாக இருந்தும் திருகு எல்லையைத் தொட்டுவிட்டால், பின்பக்கம் சற்றே உயர்ந்த, 20 எம்.ஓ.ஏ. சரிவுள்ள அடித்தளத்தைப் பொருத்துவதே முறை. பின்பக்கம் உயர்ந்தால் குண்டு விழும் இடமும் உயரும்.

ஒற்றைக் குண்டை நம்பித் திருகைத் தொடுவது வீண். ஐந்து குண்டுகள் சுட்டு, அவற்றின் நடுப்புள்ளியிலிருந்தே அளக்க வேண்டும். கட்டுரையுடன் வந்த ஒலிம்பிக் படமும் பொருந்தவில்லை: 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியே கிடையாது.

இங்ஙனம்,
விளையாட்டுப் பக்க வாசகர் ஒருவர்