பழைய ஜன்னலை மூடாதே

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நீ கேட்டதை நானே ஒருமுறை புதிதாகச் செய்து பார்த்துவிட்டு எழுதலாமே என்று இருந்துவிட்டேன். முதுகுவலி இப்போது தேவலை. மகள் விடுதிக்குப் போய்விட்டாள், வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. ராத்திரியில் சர்வரோடுதான் பேச்சு.

தூரத்தில் ஓடும் உன் புது சர்வருக்குள் நுழைய ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு அடிக்க அலுப்பாக இருக்கிறது, வேறு வழி உண்டா என்கிறாய். அலுப்பு கிடக்கட்டும், பாஸ்வேர்டே வேண்டாம் என்பேன். அந்த சர்வரின் லாகின் பதிவைத் திறந்து பார். முகவரியை யாருக்கும் சொல்லியிருக்கமாட்டாய், ஆனாலும் 'ரூட்', 'அட்மின்', 'டெஸ்ட்' என்று யார் யாரோ கதவைத் தட்டியிருப்பார்கள். எல்லாம் தூங்காத புரோகிராம்கள்.

தூரத்துக் கணினிக்குள் நுழைய நாம் படித்த காலத்தில் இருந்த டெல்நெட் நினைவிருக்கிறதா? பாஸ்வேர்டு அப்படியே பச்சையாக ஒயரில் போகும். 1995-ல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ அப்படி ஒட்டுக்கேட்டுப் பாஸ்வேர்டுகளை அள்ளிவிட்டார்கள். அந்த எரிச்சலில் அங்கிருந்த டாட்டு யுலோனன் எழுதியதுதான் எஸ்எஸ்எச்; அதே வேலைதான், ஆனால் ஒயரில் போவதை யாரும் படிக்க முடியாது. ஒவ்வொரு சேவைக்கும் சர்வரில் கதவு எண்போல ஒரு போர்ட் எண் உண்டு. ஃபைல் அனுப்பும் எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23, நடுவில் காலியாக இருந்த 22-ஐக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

எஸ்எஸ்எச்சில் பாஸ்வேர்டுக்குப் பதில் சாவியால் நுழையலாம். லேப்டாப்பில் 'எஸ்எஸ்எச் கீஜென்' என்ற புரோகிராமை ஓட்டி ஒரு ஜோடி சாவி செய்துகொள். சாவியின் வகை கேட்டால் இடி25519 என்று சொல். ஜோடியில் ஒன்றைப் பூட்டு என்று வைத்துக்கொள், அதை எந்த சர்வரில் வேண்டுமானாலும் மாட்டலாம். மற்றது சாவி, உன் லேப்டாப்பை விட்டு நகரவே கூடாது. உள்ளே நுழையும்போதுகூடச் சாவி ஒயரில் போவதில்லை. அதைக் கொண்டு போட்ட கையெழுத்து மட்டும்தான் போகிறது. சாவிக்கு ஒரு ரகசியத் தொடர் வை. லேப்டாப் தொலைந்தால் அதுதான் காப்பாற்றும்.

பூட்டை மாட்டும் இடத்தில்தான் நான் ஒரு மாலை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். எல்லாம் சரியாகச் செய்தும் பாஸ்வேர்டையே கேட்டது. லேப்டாப் பக்கம் துருவினால், சாவியைக் காட்டினேன், ஏற்கவில்லை என்பதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் சர்வரின் பதிவில் ஒரே வரியில் காரணம் கிடந்தது: சர்வரில் என் ஃபைல்கள் இருக்கும் ஹோம் டைரக்டரியில் குழுவினரும் எழுதலாம் என்று அனுமதி இருந்தது. அப்படி இருந்தால், மாட்டிய பூட்டுகளை வைத்திருக்கும் பட்டியலையே சர்வர் நம்பாது. ஹோமில் பிறர் எழுத முடியாதபடி செய், அதற்குள் இருக்கும் எஸ்எஸ்எச் டைரக்டரிக்கு 700, உள்ளே பட்டியல் ஃபைலுக்கு 600 என்று அனுமதி கொடு; இரண்டுக்கும் உனக்கு மட்டும் என்றுதான் அர்த்தம். தீர்ந்தது.

இனி முக்கியமானது. சாவி வேலை செய்த பிறகுதான் பாஸ்வேர்டு லாகினை அணைக்க வேண்டும். சர்வரில் எஸ்எஸ்எச்சின் செட்டிங் ஃபைலை மாற்றி, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று சோதித்து, சர்வீஸை ரீஸ்டார்ட் செய். ஏற்கெனவே சர்வரோடு இணைந்து திறந்திருக்கும் ஜன்னல் அறுந்துபோகாது. அதை அப்படியே விட்டுவிட்டு இன்னொரு ஜன்னலில் உள்ளே போய்ப் பார். நான் ஒருமுறை முடிந்தது என்று எல்லாவற்றையும் மூடிவிட்டு, பூட்டை வேறு யூசருக்கு மாட்டியிருந்தது தெரிந்து விழித்தேன். சர்வரை வாடகைக்குக் கொடுத்தவர்களின் தளத்தில், பிரவுசரிலேயே சர்வரைத் திறக்கும் வெப் கன்சோல் வழியாகத்தான் திரும்ப நுழைந்தேன்.

அணைத்தும் பாஸ்வேர்டு கேட்டால் திகைக்காதே. சில சர்வர்களில் தனி டைரக்டரியில் இன்னொரு செட்டிங் ஃபைல் இருக்கும், அது முதலில் படிக்கப்படும். முதலில் வந்த மதிப்புதான் செல்லும். அதையும் பார்த்துவிடு.

முதன்முறை இணையும்போது சர்வரை அடையாளம் காட்டும் கைரேகை ஒன்றை, அதாவது ஓர் எழுத்துத் தொடரைக் காட்டி, சரியா என்று கேட்கும். நம் எல்லோரையும்போல யோசிக்காமல் 'யெஸ்' அடிக்காதே. வெப் கன்சோலில் காட்டும் கைரேகையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் பழைய அறைத்தோழன்

பி.கு: விண்டோஸ்தானே வைத்திருக்கிறாய்? 2018-க்குப் பிந்தைய விண்டோஸ் 10 என்றால் தனியாக எதுவும் இறக்க வேண்டாம், எஸ்எஸ்எச் அதிலேயே இருக்கிறது.