விரவலா, பரவலா? பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய அறிவியல் பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். 22 ஆண்டுகளாக வேதியியல் கற்பிக்கிறேன். வேதியியல் நூலில் 'விரவல்' என்றும் உயிரியல் நூலில் 'பரவல்' என்றும் 'டிஃப்யூஷன்' என்ற ஒரே நிகழ்வுக்கு (மூலக்கூறுகள் செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தாமே நகர்ந்து கலப்பதற்கு) இரு பெயர்கள் இருப்பதைப் பற்றி ஆசிரியர்கள் முன்பே முறையிட்டிருப்பதால், அந்தப் பழைய கதையை இங்கே விரிக்கவில்லை.

சென்ற தேர்வில் என் மாணவி ஒருத்தி, இலைத்துளை வழியே கார்பன் டைஆக்சைடு உள்ளே செல்வதை 'விரவல்' என்று எழுதினாள். விடைக்குறிப்பில் 'பரவல்' மட்டுமே இருந்ததால் மதிப்பெண் கிடைக்கவில்லை. விடைத்தாளை என் முன் வைத்து, "நீங்க சொல்லிக்கொடுத்த சொல்தானே சார்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. இழந்தது ஒரு மதிப்பெண்தான். ஆனால் இப்போது அவள் எதை எழுதுமுன்னும் பொருளை யோசிப்பதை விட்டு, இது எந்தப் பாடத்தின் தேர்வு என்று பார்க்கத் தொடங்கியிருக்கிறாள்.

'டிஃப்யூஷன்' என்ற சொல்லின் வேர் இலத்தீன். 'ஃபுண்டெரே' என்றால் ஊற்றுதல், 'டிஸ்' என்றால் பிரிந்து, பல திசையிலும். ஹைட்ரஜன் ஆக்சிஜனைவிட 4 மடங்கு வேகமாக விரவுவதை விளக்கும் விதியை வேதியியலாளர் தாமஸ் கிரஹாம் 1833இல் வெளியிட்டபோதும், செறிவு வேறுபாடே இந்த ஓட்டத்தின் அளவை முடிவு செய்கிறது என்று உடலியங்கியல் அறிஞர் அடால்ஃப் ஃபிக் 1855இல் வகுத்தபோதும் அவர்கள் பேசியது இந்த ஒரே நிகழ்வைத்தான். தமிழில் 'விரவு' என்றால் கல. இரு திணைக்கும் பொதுவான பெயரை 'விரவுப்பெயர்' என்கிறது தொல்காப்பியம். தரையில் கொட்டிய நீரும் பரவும், ஊருக்குள் வதந்தியும் பரவும். ஒன்றோடொன்று மூலக்கூறு அளவில் கலப்பதைச் சொல்ல விரவலே பொருந்தும் என்பது என் கருத்து. நீங்கள் 'பரவல்' என்றே முடிவு செய்தாலும் ஏற்றுக்கொள்வேன். முடிவு ஒன்றாக இருக்க வேண்டும், அதற்கான காரணம் நூலில் இருக்க வேண்டும்.

மெல்லிய சவ்வு வழியே நீர் ஊடுருவிச் செல்லும் சவ்வூடு பரவலுக்கும் ('ஆஸ்மோசிஸ்') இதே நிலைதான். இலங்கைப் பாடநூல்கள் அதைப் 'பிரசாரணம்' என்கின்றன. 'ஆஸ்மோசிஸ்' என்பதன் கிரேக்க வேருக்கோ தள்ளுதல் என்று பொருள். இவற்றை மூன்று வரியில் சொல்லியிருந்தால் எத்தனை பிள்ளைகள் மனப்பாடத்திலிருந்து தப்பியிருப்பார்கள்! நூலின் கடைசிப் பக்கத்துக் கலைச்சொல் பட்டியலில் தமிழ்ச் சொல்லும் அதற்கு நேராக ஆங்கிலச் சொல்லும் மட்டும் நிற்கின்றன. தாய்மொழியில் படிக்கும் பிள்ளைக்கே அச்சொல் ஏன் வந்தது என்று தெரியவில்லையென்றால், அப்பட்டியல் யாருக்காக அச்சிடப்படுகிறது?

வேகத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருள்க. அடுத்த பதிப்பில் எல்லா அறிவியல் பாடங்களுக்கும் ஒரே சொல்லை வைத்து, அதன் பொருளையும் பிறப்பையும் பாடத்திலேயே தருமாறும், அதுவரை விரவல், பரவல் இரண்டில் எதை எழுதினாலும் மதிப்பெண் வழங்க உத்தரவிடுமாறும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்
ஒரு வேதியியல் ஆசிரியர்