எரிந்த வியாழனுக்கு யார் கணக்குக் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் புனைகதைத் தொடர்களில் பின்னால் வந்த நாவல்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வாசகர்கள் எழுதிவரும் கருத்துகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். ஆர்தர் சி. கிளார்க் 1982-இல் வெளியிட்ட '2010: ஒடிசி டூ' நாவலுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பல்லவியைத்தான் பாடுகின்றன. முதல் நாவலான '2001'-இல் இருந்த மர்மத்தை விளக்கி விளக்கியே இரண்டாவது நாவல் கெடுத்துவிட்டது என்பது அவர்கள் தீர்ப்பு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த நாவல் எழுப்பும் மிகப் பெரிய கேள்வியைக் கடிதம் எழுதியவர்களில் ஒருவர்கூடத் தொடவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சிறிய புகார்களை முதலில் முடித்துவிடலாம். முதல் நாவலில் டிஸ்கவரி விண்கலம் சனிக் கோளுக்குப் போனது, இரண்டாவதில் அதே கலம் வியாழனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, இது ஆசிரியரின் மறதி என்று ஒருவர் எழுதியிருந்தார். இது மறதியே அல்ல. 1968-இல் வந்த ஸ்டான்லி குப்ரிக்கின் திரைப்படத்தில் பயணம் வியாழனுக்குத்தான். கிளார்க் இரண்டாவது நாவலில் படத்தின் வழியைத் தெரிந்தே எடுத்துக்கொண்டார். இந்த நாவல்கள் நேர்கோட்டில் அமைந்த தொடர்ச்சிகள் அல்ல என்றும், ஒரே கருவை மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்தவை என்றும் அவரே பின்னர் குறிப்பு எழுதியிருக்கிறார். மேலும், இரண்டு நாவல்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், 1979-இல், இரண்டு வாயேஜர் கலங்களும் வியாழனைக் கடந்து சென்று, அதன் நிலவுகளான அயோவின் எரிமலைகளையும் யூரோப்பாவின் விரிசல் விழுந்த பனிப்பரப்பையும் படமெடுத்து அனுப்பியிருந்தன. இவ்வளவு புதிய செய்தி கையில் இருக்கும்போது எந்தக் கதாசிரியர்தான் வியாழனை விட்டுவிட்டுச் சனிக்குப் போவார்?

இனி டிஸ்கவரி கலத்தை இயக்கிய ஹால் 9000 கணினியின் கதைக்கு வருகிறேன். அந்தக் கணினி கலத்தில் இருந்தவர்களை ஏன் கொலை செய்தது என்று தெரியாமல் இருந்ததுதான் அழகு, இரண்டாவது நாவல் அதற்குக் காரணம் சொல்லி அழகைக் குலைத்துவிட்டது என்று பலர் வருந்தியிருந்தார்கள். இவர்கள் நினைவில் இருப்பது திரைப்படம்; முதல் நாவல் அல்ல. உண்மையைத் திரிக்காமல் சொல்லவென்றே படைக்கப்பட்ட ஒரு கணினியிடம், பயணத்தின் உண்மையான நோக்கத்தை விழித்திருக்கும் இரு வீரர்களிடமிருந்தும் மறைத்து வைக்குமாறு கட்டளையிட்டதே அதன் மனப்பிறழ்வுக்குக் காரணம் என்று '2001' நாவலே ஓர் அத்தியாயத்தில் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. இரண்டாவது நாவல் அதற்கு மேல் ஒரு படி போய், கட்டளை எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கிறது. தேசப் பாதுகாப்பின் பெயரால் மேலிடத்தில் போட்ட ஓர் உத்தரவு என்று தெரியவரும்போது, குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மாறிவிடுகிறார். தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் ஊர் நண்பர் ஒருவர் இந்தப் பகுதியைப் படித்துவிட்டு, "மேலே இருக்கிறவன் பொய் சொல்லச் சொன்னான், கீழே இருக்கிறது பைத்தியமாகிப் போச்சு, இதில் மெஷினை எதுக்குத் திட்டணும்?" என்று கேட்டார். பேசும் கணினி ஆளுக்கொன்றாகக் கைப்பேசியில் வந்துவிட்ட இந்த நாளில், அது எதைச் சொல்லும், எதை மறைக்கும் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்ற கவலையோடு படிக்கிறவர்களுக்கு இந்தப் பகுதி பழசாகத் தோன்றாது.

முடக்கப்பட்ட ஹாலை மீண்டும் எழுப்ப லியோனோவ் என்னும் சோவியத் கலத்தில் பயணம் செய்பவர், அதை உருவாக்கிய டாக்டர் சந்திரா. முதல் நாவலில், நினைவு ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருக்கும் ஹாலின் கடைசிப் பேச்சில் ஒரு பெயராக மட்டும் வந்துபோன அவருக்கு, இரண்டாவது நாவலில் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை என்ற முழுப் பெயரும், பிடிவாதமும், சக மனிதர்களோடு ஒட்டாத தனிமையும் கிடைக்கின்றன. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஓர் ஆங்கில எழுத்தாளர், உலகின் மிக நுட்பமான கணினிக்குத் தகப்பன் ஸ்தானத்தில் ஒரு தமிழ்ப் பெயரை வைத்தார் என்பதைத் தமிழ் நாளிதழுக்கு எழுதிய வாசகர்கள் எவரும் குறிப்பிடாதது எனக்கு வியப்பாக இருந்தது. இந்த நாவலைத் தழுவி 1984-இல் வந்த படத்தில் அந்த வேடத்தை ஓர் அமெரிக்க நடிகருக்குக் கொடுத்துவிட்டார்கள். படம் மட்டும் பார்த்தவர்களுக்கு இந்தப் பிள்ளைவாளைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இன்னொரு செய்தியும் உண்டு: கிளார்க் இந்த நாவலைக் கொழும்பில் ஒரு சிறு கணினியில் தட்டி முடித்து, ஒரே ஒரு ஐந்தங்குல வட்டில் நியூயார்க் பதிப்பாளருக்கு அனுப்பினார். கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கை தரைநிலையத்திலிருந்து செயற்கைக்கோள் வழியாகப் போயின. 1945-இல் செயற்கைக்கோள் தொடர்பைப் பற்றிக் கட்டுரை எழுதியவருக்குத் தன் புத்தகமே அந்த வழியில் போனதில் சிறிது பெருமை இருந்திருக்கும்.

பாத்திரங்கள் தட்டையாக இருக்கின்றன என்ற புகாரை மறுக்க மாட்டேன். லியோனோவில் இருப்பவர்களில் பாதிப் பேரைப் புத்தகத்தை மூடியவுடன் மறந்துவிடுவோம். ஆனால், சீன விஞ்ஞானி சாங் பேசும் பக்கங்களை மறப்பது கடினம். சீனர்களின் சியென் கலம் எரிபொருளுக்குத் தண்ணீர் தேடி யூரோப்பாவின் பனிமேல் இறங்குகிறது. கலத்தின் விளக்கு வெளிச்சத்தை நாடிப் பனிக்கடியிலிருந்து ஒரு பெரிய உயிர் ஊர்ந்து வந்து, குளிரில் தானும் உறைந்தபடியே, கலத்தை நொறுக்கிவிடுகிறது. தப்பிய ஒரே மனிதர் உடைக்குள் இருக்கும் சிறு ரேடியோவில், கேட்பார் இருக்கிறார்களா என்றே தெரியாமல், தான் கண்ட உயிரின் உருவத்தையும் அசைவையும் ஓர் ஆய்வறிக்கை போல வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். அந்த உயிருக்குத் தன் பெயரை வைக்க வேண்டும், அடுத்த கலம் வரும்போது தங்கள் எலும்புகளைச் சீனாவுக்கு எடுத்துப் போக வேண்டும், இரண்டே கோரிக்கைகள். படத்தில் இந்தப் பகுதியே இல்லை. மர்மம் போய்விட்டது என்று எழுதியவர்கள் இந்தப் பக்கங்களைத் தாண்டி எப்படிப் போனார்கள் என்று தெரியவில்லை.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இனிமேல்தான் வருகிறது. நாவலின் முடிவில், வேற்றுலகத்தார் அனுப்பிய கறுப்புக் கற்பலகைகள் கோடிக்கணக்கில் பெருகி, வியாழனைத் தின்று, அதன் அடர்த்தியைக் கூட்டிக் கூட்டி அதை ஒரு குட்டிச் சூரியனாகப் பற்றவைத்துவிடுகின்றன. யூரோப்பாவின் பனி உருகுகிறது; அங்குள்ள உயிர்களுக்கு வளரும் வாய்ப்பு கிடைக்கிறது; மனிதர்கள் அங்கே இறங்கக் கூடாது என்று எச்சரிக்கையும் வருகிறது. கடிதம் எழுதியவர்களில் சிலர் இதை இனிப்பான முடிவு என்று கேலி செய்திருந்தார்கள், சிலர் பாராட்டியிருந்தார்கள். ஆனால், அதற்குச் சில அத்தியாயங்களுக்கு முன்பு, முதல் நாவலின் விண்வெளி வீரரும் இப்போது உடலற்ற நிலையில் இருப்பவருமான டேவிட் போமன் வியாழனின் மேகங்களுக்குள் இறங்கிச் செல்லும்போது, அங்கே மிதக்கும் பிரம்மாண்டமான உயிர்களையும், அவற்றை வேட்டையாடும் வேறு உயிர்களையும் காண்கிறார். அவை அறிவு பெறும் நிலைக்கு ஒருநாளும் வளராது என்று கண்ணுக்குத் தெரியாத அந்த எஜமானர்கள் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். யூரோப்பாவுக்கு விளக்கேற்றுவதற்காக வியாழனின் உயிர்கள் அத்தனையும் எரிந்து சாம்பலாகின்றன.

நீலகிரியில் வாழ்கிற ஒருவரால் இந்த இடத்தைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. சோலைக்காடும் புல்வெளியும் மாறி மாறிக் கிடந்த இந்த மேட்டுநிலத்தில், மரமில்லாத புல்வெளி வீண் நிலம் என்று முடிவு கட்டியவர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை (வாட்டில்) மரத்தையும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். வெள்ளைக்காரர்கள் தொடங்கிய வேலையைச் சுதந்திரத்துக்குப் பிறகு வனத்துறை தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆலை மரக்கூழுக்காகவும் இன்னும் பெரிதாகத் தொடர்ந்தது. தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்லும், வரையாடு திரிந்த சரிவும், சதுப்பில் ஊறி ஓடைக்கு வந்த நீரும் அந்தக் கணக்கில் சேரவில்லை. நட்டவர்களில் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் குறைவு. பயன் பார்த்தவர்களே அதிகம். இன்று அதே சீகையை வேரோடு பிடுங்குவதற்கு அரசு பணம் செலவழிக்கிறது. வியாழனின் மேகங்களில் மிதந்தவை எதற்கும் உதவாதவை என்று தீர்ப்பளித்தவர்களும் இப்படித்தான் யோசித்திருப்பார்கள்.

இதில் கிளார்க்கின் திறமை என்னவென்றால், அவர் எந்தப் பக்கமும் சாயவில்லை. போமனுக்கு வருத்தம் இருக்கிறது. ஆனால், அவர் தடுக்கவில்லை, தடுக்கும் வல்லமையும் அவரிடம் இல்லை. முதல் நாவலில், ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்தில் பசியால் வாடிய குரங்கு மனிதர்களுக்குக் கருவியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்த அதே கை, இங்கே களை பிடுங்குகிறது. மனித இனம் இன்று இருப்பதே, எப்போதோ யாரோ நம்மைப் பிழைக்க வைக்கத் தகுந்தவர்கள் என்று தேர்ந்தெடுத்ததால்தான் என்றால், தேர்ந்தெடுக்கப்படாதவர்கள் யார்? முதல் நாவலில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. அங்கே வேற்றுலகத்தார் ஏறக்குறைய தெய்வங்கள். அவர்களைக் கண்டு நாம் வாய் பிளந்து நிற்கிறோம். இரண்டாவது நாவலில்தான் அவர்களிடம் கணக்குக் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. இதை மர்மம் கெட்டுப்போனதாக எண்ணுகிறவர்கள் எதை மர்மம் என்கிறார்கள்?

வியாழன் நட்சத்திரமாக முடியாது என்ற அறிவியல் ஆட்சேபனைக்கு ஒரு வார்த்தை. சூரியனின் நிறையில் வியாழன் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். தானாக எரிய வேண்டுமானால் அதைப் போல எண்பது மடங்கு நிறை தேவைப்படும். கிளார்க்குக்கு இது தெரியாதா? அதனால்தான் நிறையைக் கூட்டாமல், வெளியிலிருந்து ஒரு சக்தி அடர்த்தியைக் கூட்டுவதாக எழுதினார். யூரோப்பாவின் பனிக்கடியில் கடல் இருக்கலாம் என்ற பகுதியோ, கலிலியோ விண்கலம் காந்தப்புலத்தை அளந்த பிறகு இன்னும் வலுப்பெற்றிருக்கிறது. 2024 அக்டோபரில் நாசா ஏவிய யூரோப்பா கிளிப்பர் 2030-இல் வியாழனை அடைந்து, அந்த நிலவை அடுத்தடுத்து நெருங்கிக் கடந்து ஆராயும். கிளார்க்கின் எச்சரிக்கைக்கு மரியாதை கொடுப்பதைப் போல, அது அங்கே இறங்கப்போவதில்லை.

ஒரே மூச்சில் எல்லாத் தொடர்ச்சிகளையும் தள்ளிவிடுவதும், எல்லாவற்றையும் தூக்கிப் பிடிப்பதும் எனக்கு ஒப்புதலில்லை. 1987-இல் வந்த '2061' ஓர் ஒல்லியான புத்தகம். கலிலியோ கலம் அனுப்பப்போகும் செய்திக்காகக் காத்திருந்த ஆசிரியர், சேலஞ்சர் விண்ணோட விபத்தால் அந்தப் பயணம் தள்ளிப்போகவே, ஹேலி வால்நட்சத்திரத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு எழுதியது. யூரோப்பாவில் எழும் வைர மலை ஒன்றுதான் அதில் என் மனத்தில் நின்றது. 1997-இல் வந்த '3001'-இலோ, முதல் நாவலில் ஹாலால் கொல்லப்பட்டு, ஆயிரம் ஆண்டுகள் விண்வெளியில் உறைந்து கிடந்த வீரர் ஃபிராங்க் பூல் உயிர்பெற்று எழுந்து ஊர் சுற்றிப் பார்க்கிறார். இறுதியில் அந்தக் கறுப்புக் கற்பலகையும் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்கும் ஓர் இயந்திரமாகச் சுருங்கி, கணினி வைரஸ் ஒன்றுக்குப் பலியாகிறது. வாசகர்கள் '2010' மீது சுமத்திய குற்றங்களை இந்த நாவலின் பெயருக்கு மாற்றி எழுதியிருந்தால், அந்தக் கடிதங்களில் நானும் கையெழுத்திட்டிருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.